நண்பர்களோடு ஒரு கப்பல் பயணம்: சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் முழுமையான வழிகாட்டி

கப்பலில் போகலாம் என்று பேச்சு எழுந்தபோது எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் கேட்ட முதல் கேள்வி, "வாந்தி வருமா?" மற்ற இருவர் கேட்டது, "எவ்வளவு ஆகும்?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் பயணத்தைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் யாரும் கேட்காத மூன்றாவது கேள்விதான்: இறங்கி ஓட வழியில்லாத இடத்தில், ஐந்து நாள், நாற்பதைத் தாண்டிய கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் எப்படிச் சேர்ந்து இருப்பது?

என் பதில் எளியது. எந்நேரமும் சேர்ந்து இருக்காதீர்கள். பகலில் பிரிந்து போங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் தவறாமல் ஒரே மேசைக்கு வாருங்கள். கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பாதி இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் வருகின்றன.

இங்கே விளக்கும் பாதை சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் இரண்டையும் பார்த்துவிட்டுச் சிங்கப்பூரிலேயே இறங்கும் நான்கு இரவுப் பயணம். முதல்முறை கப்பல் ஏறுபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சென்னை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. வழியில் இருப்பது மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்திரா, மறுபக்கம் மலாய் தீபகற்பம் அரணாக நிற்பதால் அங்கே கடல் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும்.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

புக்கெட்டின் மேற்குக் கரை அந்தமான் கடலைப் பார்த்து நிற்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அங்கே நேராக மோதும். அந்த மாதங்களில் கட்டணம் குறைவாகத் தெரியும். ஆனால் அலை அதிகமானால் கரைக்குப் படகு விட முடியாமல் கப்பல் புக்கெட்டைத் தவிர்த்துவிட்டுப் போகவும் நேரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில் உறுதி. அதிலும் என் தேர்வு பிப்ரவரி பிற்பாதியும் மார்ச் தொடக்கமும். சீனப் புத்தாண்டு வாரத்தையும் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைகளையும் விலக்கிவிடுங்கள். அந்த நாட்களில் கட்டணமும் ஏறும், நீச்சல் குளத்தில் தண்ணீரைவிடக் குழந்தைகள் அதிகமாக இருப்பார்கள்.

ஆளை எண்ணுங்கள், முன்பணத்தை வைத்து

"நிச்சயம் வருகிறேன்" என்று சொல்பவர்களை எண்ணாதீர்கள். முன்பணம் கட்டியவர்களை எண்ணுங்கள். நாங்கள் பதினொரு பேராகத் தொடங்கி, பணம் கட்டும் நாளில் ஆறு பேராகச் சுருங்கினோம். வருத்தமில்லை.

எண்ணிக்கை இரட்டைப்படையாக இருப்பது முக்கியம். கப்பல் கட்டணம் என்பது ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்து, ஒரு நபருக்குச் சொல்லப்படும் தொகை. ஏழாவது ஆள் தனி அறை எடுத்தால் பெரும்பாலும் ஏறக்குறைய இரண்டு பேருக்கான கட்டணத்தை அவர் ஒருவரே கட்ட வேண்டியிருக்கும். சில அறைகளில் மூன்றாவது, நான்காவது படுக்கை உண்டு. அவற்றுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் நான்கு ஆண்கள், நான்கு பெட்டிகள், ஒரு சிறிய குளியலறை என்பதை ஒருமுறை கண்ணை மூடி நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அறை

உள்ளறை, கடல் தெரியும் சன்னல் அறை, பால்கனி அறை என்று விலை படிப்படியாக ஏறும். ஆறு பேருக்கு மூன்று அறை என்றால் மூன்றுக்கும் பால்கனி வேண்டியதில்லை. ஒன்று போதும். அந்தச் செலவை ஆறாகப் பங்கிட்டுக்கொண்டோம். அதிகாலைக் காப்பியும் பின்னிரவு அரட்டையும் அந்தப் பால்கனியில் நடந்தன. மற்ற இரண்டு உள்ளறைகளும் தூங்குவதற்கு மட்டும். சன்னலே இல்லாததால் அங்கே பத்து மணி வரை விடியவே இல்லை.

அறை எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளம் நல்லது. நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். அரங்குக்கு மேலே இருந்தால் நள்ளிரவு வரை பாட்டு. தலைசுற்றல் பயம் உள்ளவருக்குக் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை எடுங்கள். ஆட்டம் அங்கேதான் மிகக் குறைவு. அறை எண்ணைக் கப்பல்காரர்களே பின்னர் ஒதுக்கும் மலிவுக் கட்டணமும் உண்டு. தனியாகப் போகிறவருக்கு அது லாபம். நண்பர் கூட்டத்துக்கு வேண்டாம். ஒருவர் நான்காம் தளத்திலும் மற்றவர் பதினொன்றாம் தளத்திலும் கிடப்பீர்கள்.

யாரை யாரோடு போடுவது என்பதில் குறட்டையை மட்டும் பார்க்காதீர்கள். பல கப்பல்களில் ஓர் அறையில் ஒருவர் மதுத் தொகுப்பு வாங்கினால் அதே அறையில் உள்ள மற்றப் பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே குடிப்பவரையும் குடிக்காதவரையும் ஒரே அறையில் போட்டால், மோர் குடிக்கிற மனிதர் ஐந்து நாள் விஸ்கிக்குப் பணம் கட்டுவார்.

முன்பதிவு முடிந்ததும் ஒரு வேலையை மறக்க வேண்டாம்: மூன்று அறைகளின் பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே மேசை ஒதுக்குவார்கள்.

பணக் கணக்கு

விளம்பரத்தில் வரும் தொகையோடு துறைமுகக் கட்டணமும் வரிகளும் சேரும். பணியாளர் டிப்ஸ் தனி. ஒரு நபருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையம், மது, சிறப்பு உணவகம், கரைச் சுற்றுலா எல்லாம் தனித்தனி. முகவர் வழியாகத் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், ரசீதை வைத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் அதை ஈடு செய்துகொள்ளலாம்.

கப்பலில் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாக இருக்கும் அட்டையை நீட்டினால் செலவு உங்கள் கணக்கில் ஏறும். ஏறும் நாளிலேயே வரவேற்பு மேசைக்குப் போய், ஒரே அறையில் இருக்கும் இருவரின் கணக்கையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிணையாக டெபிட் அட்டையைக் கொடுக்காதீர்கள். அவர்கள் நிறுத்திவைக்கும் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்பப் பல நாள் ஆகலாம். கிரெடிட் அட்டை நல்லது.

பொதுச் செலவுக்கு ஒரு பொருளாளரைப் போடுங்கள். எங்களுக்கு வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் வாய்த்தார். ஆளுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, டாக்சி, இளநீர், கோயில் உண்டியல் வரை எழுதி வைத்தார். யாரும் யாரிடமும் "எவ்வளவு தரணும்?" என்று கேட்கவே இல்லை.

விசாவும் அட்டைகளும்

சிங்கப்பூருக்கு இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டும். அனுமதி பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். அதில் "பலமுறை நுழைவு" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தில் வந்து இறங்குவது ஒரு நுழைவு. கப்பலில் வெளியே போய்த் திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவு விசாவோடு வந்தவரைக் கப்பல் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

சிங்கப்பூர் வருகை அட்டையை வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கப்பலில் திரும்பி வரும்போது இன்னொரு முறை. அது இலவசம். பணம் கேட்கும் தளத்தில் நீங்கள் நுழைந்திருந்தால் உடனே வெளியேறுங்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா விலக்குத் தருகிறது. தாய்லாந்தும் விலக்குத் தந்து, 2025 மே முதல் மின்னணு வருகை அட்டை கேட்கிறது. இந்த விலக்குகள் மாறக்கூடியவை. எனவே புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். இந்த வேலையை ஆறு பேருக்கும் ஒருவரே செய்வது நல்லது. ஆறு பேர் ஆறு விதமாக நிரப்பினால் ஏழாவது விதமாகச் சிக்கல் வரும்.

பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார். அவர் கொடுக்கும் பில்லைப் பார்த்தால் ரத்த அழுத்தம் தனியாக ஏறும்.

பெட்டியில் என்ன, என்ன கூடாது

இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், சோறு வடிக்கும் குக்கர் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். தீ அபாயம்தான் காரணம். பிளக்குக்குப் பல நாட்டு அடாப்டர் ஒன்று போதும். வீட்டில் சமைத்த புளியோதரை உள்ளே போகாது. பிரிக்காத பாக்கெட் முறுக்குக்குப் பொதுவாகத் தடையில்லை. சூயிங் கம், மின்சிகரெட் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சிங்கப்பூர் இரண்டையும் அனுமதிப்பதில்லை, மின்சிகரெட்டுக்குத் தாய்லாந்திலும் தடை.

வாந்திக் கேள்விக்கு வருகிறேன். மலாக்கா நீரிணையில் எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும், அதுவும் முதல் நாள் இரவில் மட்டும், வயிறு புரட்டியது. பஸ் பயணத்துக்கு நம் ஊரில் போடும் அவோமின் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எடுத்துச் செல்லுங்கள். புரட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. முன்பே போட வேண்டும். தூக்கம் வரும் என்பதால் மதுவோடு கூடாது. இஞ்சி மிட்டாய், பச்சை ஆப்பிள், தொடுவானத்தைப் பார்த்தபடி திறந்த தளத்தில் நிற்பது மூன்றும் கைகொடுக்கும்.

ஒரு நாள் இரவு எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வரும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. அதற்காகக் கோட்டு தைக்காதீர்கள். நாங்கள் ஆறு பேரும் பட்டு வேட்டி சட்டையில் போனோம். கப்பல் புகைப்படக்காரர் வேறு யாரையும் எடுக்காமல் எங்கள் மேசையையே சுற்றிக்கொண்டிருந்தார்.

ஏறும் நாள்

கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் சிங்கப்பூரில் இறங்கும் விமானம் வேண்டாம். ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். பெரிய கப்பல்கள் 2012இல் திறந்த மரினா பே முனையத்திலிருந்து புறப்படும். பக்கத்திலேயே மரினா சவுத் பியர் ரயில் நிலையம் இருக்கிறது. சில கப்பல்கள் ஹார்பர்ஃபிரண்ட் முனையத்திலிருந்து கிளம்பும். எது என்று டிக்கெட்டில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு இடம்.

பெட்டியைக் கீழேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு அது மாலையில்தான் வரும். ஆகவே மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை, நீச்சல் உடை ஆகியவை தோள்பையில் இருக்கட்டும். பஃபேயில் முதல் மதியம் சந்தைக் கூட்டமாக இருக்கும்; உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் காலியாக இருக்கும்.

அவசரகாலப் பயிற்சியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் காஸ்டா கான்கார்டியா என்ற பயணக் கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு, கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று உலக விதி இறுக்கப்பட்டது. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல்: இதுதான் அபாய அறிவிப்பு. உங்கள் கூடும் இடம் எது என்பதை ஒருமுறை நடந்தே போய்ப் பார்த்துவிடுங்கள்.

போனை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். கரை மறைந்ததும் கப்பலின் செயற்கைக்கோள் தொடர்பில் போன் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஊருக்கு வந்த பிறகு பில் வரும். போன் இல்லாமல் ஆறு பேர் சந்திப்பது எப்படி? பழைய முறைதான். இரவு 7.30, சாப்பாட்டு மேசை. வேறு எந்த ஏற்பாடும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

சைவக்காரர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் பேசுங்கள். மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பருப்பும் காய்கறிக் குழம்பும் செய்து தருவார்கள். எங்கள் மேசைக்கு அப்படிக் கிடைத்த கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசை ஆஸ்திரேலியர்களும் அதையே கேட்டார்கள்.

பினாங்கு: நடந்தே பாருங்கள்

இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். காரணம், ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கியதும் நீங்கள் ஊருக்குள்ளேயே நிற்கிறீர்கள். பேருந்து வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். பல பயணங்களில் கப்பல் இங்கே பிற்பகலில் வந்து இரவில் கிளம்பும். வெயில் தாழ்ந்த அந்த நேரம் நடக்கத் தோதானது.

வாசலைத் தாண்டினால் சாலைச் சந்திப்பில் விக்டோரியா மணிக்கூண்டு. ராணியின் அறுபதாம் ஆட்சி ஆண்டுக்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில் கட்டியது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளால் சற்றே சாய்ந்து நிற்கிறது. எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786இல் வந்திறங்கிய பகுதி இது. அங்கிருந்து பத்து நிமிட நடையில் குட்டி இந்தியா. கடைப் பலகைகள் தமிழில். பூ கட்டுகிறவரும் தமிழ், திட்டுகிறவரும் தமிழ். குயீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. நடுப்பகலில் சாத்தியிருப்பார்கள், மாலையில் போங்கள். சற்றுத் தள்ளி, தமிழ் முஸ்லிம் வணிகரான காதர் மொகிதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பள்ளிவாசலும் கோயிலும் சீனக் கோயிலும் சில நிமிட நடைக்குள் அடங்கிய இந்தப் பழைய நகரம், மலாக்காவோடு சேர்ந்து 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

சாப்பிடாமல் கப்பலுக்குத் திரும்பினால் அது குற்றம். நாசி கண்டார் என்பது தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊருக்குக் கொடுத்த உணவு. கண்டார் என்றால் தோளில் வைக்கும் தண்டு. இரு முனையிலும் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றிருக்கிறார்கள். தட்டில் சோற்றை வைத்ததும் "பஞ்ஜிர்" என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று பொருள். மூன்று நான்கு குழம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றி, சோறு மூழ்கும்படி தருவார்கள். நம் வீட்டில் செய்தால் அடி விழும் கலவை, அங்கே அமிர்தம்.

இங்கேதான் எங்கள் பிரியும் விதி பலித்தது. இருவர் 833 மீட்டர் உயரப் பினாங்கு மலைக்கு இழுவை ரயிலில் போனார்கள். இருவர் ஆர்மீனியன் தெருவில் சுவரோவியம் தேடினார்கள். நானும் பொருளாளரும் கடலுக்கு மேல் மரத்தூண்களில் நிற்கும் சியூ குலத்தார் குடியிருப்பைப் பார்த்துவிட்டு, மறுபடி சாப்பிட்டோம். ஆறு பேரும் ஒன்றாகப் போயிருந்தால் எங்கே போவது என்ற வாக்குவாதமே மாலை முழுவதையும் தின்றிருக்கும்.

புக்கெட்: கடிகாரத்தைக் கவனியுங்கள்

பெரிய கப்பல்கள் பலவும் பட்டோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். சில சமயம் தென்கிழக்கே ஆவோ மக்காம் துறையில் கட்டுவார்கள். படகு என்றால் வரிசை எண் உண்டு. கப்பலின் சுற்றுலா வாங்கியவர்களை முதலில் இறக்குவார்கள். போக வர மொத்தம் இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

பாங் ங்கா விரிகுடாவின் சுண்ணாம்புப் பாறைகளையோ பீ பீ தீவையோ பார்க்க விரும்பினால் கப்பல் நடத்தும் சுற்றுலாவையே வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அவர்கள் வண்டி தாமதமானால் கப்பல் பொறுப்பேற்கும். நீங்கள் தனியாகப் போய்த் தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் வந்து சேர வேண்டும். கடற்கரையோடு நிறுத்திக்கொள்பவர்களுக்குச் சுற்றுலா எதுவும் தேவையில்லை. பழைய புக்கெட் நகரின் தலாங் சாலைக்குப் போக டாக்சியில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு டுக்டுக் வண்டியில் ஏறும்முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் எவ்வளவு நன்றாக நீந்துபவரானாலும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

இப்போது கடிகாரம். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம்; தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. கடைசிப் படகு 4.30க்கு. தாய்லாந்து அலைவரிசை கிடைத்ததும் போன்கள் தாமாகவே ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய்விட்டன. என் கையில் இருந்தது அப்பா விட்டுச்சென்ற சாவி கொடுக்கும் கடிகாரம். அதற்கு நாடு மாறியது தெரியாது. அது 4.05 காட்டியபோது நண்பர்கள் இருவர் கடற்கரையின் மறுகோடியில் மாம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டு, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்ற நிம்மதியில் இருந்தார்கள். வெறுங்காலோடு மணலில் ஓடி அவர்களை இழுத்து வந்தேன். படகில் ஏறியபோது ஒருவர் கையில் தட்டு இருந்தது, கரண்டியும் இருந்தது. ஆகவே கரையிறங்கும்முன் கப்பல் நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதி, ஆளுக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். அல்லது போனில் தானியங்கி நேர மாற்றத்தை அணைத்துவிடுங்கள்.

கடல் நாளும் கடைசி இரவும்

நான்காம் நாள் முழுவதும் கடல். ஒன்றும் திட்டமிடாதீர்கள். நிகழ்ச்சி அரங்கத்துக்கு மட்டும் முன்பே இடம் பதிந்து வையுங்கள். அன்று மாலை வரவேற்பு மேசையில் கூட்டம் சேரும்முன் உங்கள் கணக்குச் சீட்டை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். தவறு இருந்தால் கப்பலிலேயே சரிசெய்வது சுலபம், ஊருக்கு வந்தபின் மின்னஞ்சலில் அலைய வேண்டும்.

கடைசி இரவு பெட்டிகளில் அட்டை கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். இரவோடு இரவாக எடுத்துப்போய் மறுநாள் முனையத்தில் அடுக்கியிருப்பார்கள். பெட்டி சிறியதென்றால் கையிலேயே கொண்டுபோய் முதல் ஆளாக இறங்கிவிடலாம். ஊர் திரும்பும் விமானம் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இருக்கட்டும். பெட்டியை வெளியே தள்ளும்முன், மறுநாள் போடவேண்டிய உடையை நாற்காலியில் எடுத்து வைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். பைசா விடாமல் கணக்கெழுதிய எங்கள் பொருளாளர் இதை மட்டும் மறந்துவிட்டு, சிங்கப்பூர்க் குடிநுழைவு வரிசையில் கட்டம் போட்ட கைலியோடு நின்றார். அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கைலியைப் பார்த்தார், பிறகு தமிழிலேயே கேட்டார்: "எந்த ஊரு, திருச்சியா?"